சினமும் நீதியும்

சினத்தைக் குற்றமென்பது சான்றோர் துணிபு. அங்ஙனமாயின், குற்றமற்ற கடவுள் சினங்கொண்டு தீர்ப்பளிப்பார் எனக் கிறித்தவர் கூறுவது எவ்வாறு பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை கண்டோருள் லக்டான்சியஸ் குறிப்பிடத்தக்கவர்.

வட ஆப்பிரிக்காவில் பிறந்த இவர், உரோமப் பேரரசன் டயோக்கிளீசியனால் அமர்த்தப்பெற்று, இன்றைய துருக்கியிலுள்ள நிக்கோமீடியா நகரில் இலத்தீன் சொற்கலை கற்பித்த ஆசிரியர். 303ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந்நகரத்துக் கிறித்தவக் கோயில் இடிக்கப்பட்டது. கிறித்தவர் பலர் கொல்லப்பட்டனர். இவரும் தம் பதவியை இழந்தார். கொடுமை ஓய்ந்தபின் இவர் எழுதிய நூலே ‘கடவுளின் சினம்’.

கடவுளுக்கு அருளும் இல்லை, சினமும் இல்லை என்றனர் எபிகூரஸ் வழியினர். அருள் உண்டு, சினம் இல்லை என்றனர் ஸ்டோயிக்கர். இவ்விரு கொள்கைகளையும் லக்டான்சியஸ் மறுத்தார். நன்மையை விரும்புவோர் தீமையை வெறுத்தே தீர்வர். கொடுமை கண்டும் அசையாதவரிடம் அன்பும் இராது என்பது அவர் வாதம்.

தனக்குத் தீங்கிழைத்தவனைப் பழிவாங்கத் துடிக்கும் சினம் முறையற்றது. பிள்ளைகளும் மாணாக்கரும் தவறுங்கால் அவர்களைத் திருத்த எழும் சினமோ முறையானது. கடவுளின் சினம் இவ்வகையினது என்றார் அவர். மேலும், கடவுள் உடனே ஒறுப்பதில்லை. மனம் மாறுதற்குக் காலம் தருகிறார். திருந்தியவன்மீது அவர் சினம் நிலைப்பதில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அகஸ்டின், இச்சினம் மனக்கலக்கம் அன்று, பாவத்துக்குத் தண்டனை விதிக்கும் தீர்ப்பே என்று மேலும் தெளிவுறுத்தினார்.

வலியோர் செய்த கொடுமைக்கு மன்றங்களில் முறையிட வழியற்றிருந்த மக்கள் அக்காலக் கிறித்தவர். தம் கண்ணீரைக் கடவுள் கணக்கில் கொள்கிறார் என்னும் நம்பிக்கையே அத்தீர்ப்பை அவர்கட்கு நீதியாகக் காட்டிற்று.