மியூக்ரோனேட்: இலை நுனியைக் குறிக்கும் சொல்

மியூக்ரோனேட் என்பது தாவரவியலில் இலை நுனியின் வடிவத்தைக் குறிக்கும் சொல். நடுநரம்பு இலைப்பரப்பைத் தாண்டிக் குட்டையான, விறைத்த முள்போல நீண்டிருந்தால் அந்த இலை மியூக்ரோனேட் எனப்படும். வாள்முனையைக் குறிக்கும் 'மியூக்ரோ' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அரச இலையைப் போல நுனி படிப்படியாக ஒடுங்கி நீள்வது வேறு, அது அக்யூமினேட்.

நெய்தல் நிலமும் கண்டலும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், உப்பளங்களும் கழுவெளி நீர்ப்பரப்பும் சேர்ந்த நெய்தல் நிலம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் கருதுவர். நெய்தற் பாடல்களில் வரும் உப்பங்கழி மரங்களுள் ஒன்று கண்டல். 1678 முதல் 1693 வரை வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில், மலையாளக் கரையில் வழங்கிய கண்டல் என்ற பெயரை வான் ரீடு பதிவு செய்தார். 1834இல் வைட், ஆர்னட் இருவரும் அமைத்த 'கண்டேலியா' என்ற பேரினப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது.

நுனியால் பெயர் பெற்ற மரங்கள்

இதே சோழமண்டலக் கரையில், மரக்காணத்துக்குத் தெற்கே சிதம்பரத்தை அடுத்துள்ளது பிச்சாவரம். அங்கு சுரபுன்னை எனப்படும் மரங்களுள் இரண்டு இனங்கள் நுனியால் பெயர் பெற்றவை. 1804இல் லமார்க்கின் தாவரவியல் கலைக்களஞ்சியத்தில் ரைசோபோரா மியூக்ரோனேட்டா இடம்பெற்றது. 1827இல் புளூம் ரைசோபோரா அபிகுலேட்டா என்று பெயரிட்டார். 'அபிகுலேட்டா' என்றால் சிறு கூர்நுனி உடையது.

1995இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் பிச்சாவரத்தில் ரைசோபோரா அண்ணாமலையானா என்ற மரத்தை விவரித்தார். அது மேற்கண்ட இரண்டின் இயற்கைக் கலப்பினம் என்று பின்னர் அறியப்பட்டது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியது

பெயர் நுனியைச் சொன்னாலும், நுனியை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டின் இலையிலும் கூர்நுனி உண்டு. அபிகுலேட்டாவில் தடித்த காம்பின் மேல் இரண்டு பூக்கள் காம்பின்றி ஒட்டியிருக்கும். இதழ்களில் மயிர் இராது. மியூக்ரோனேட்டாவில் ஒரு கொத்தில் பெரும்பாலும் இரண்டுக்கு மேற்பட்ட பூக்கள் இருக்கும்; இதழ்களில் மயிர் உண்டு. தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும் அதன் நாற்றும் பொதுவாக அதிக நீளமானது. கழிமுகங்களில் நடுவதற்கு நாற்றுச் சேகரிப்போர் தாய்மரத்தின் பூவையும் பார்த்தே இனத்தை உறுதி செய்ய வேண்டும். இல்லையெனில் ஓர் இனத்தின் பெயரில் மற்றோர் இனம் நடப்பட்டுவிடும்.