பரங்கிப்பேட்டைக்கு வந்த டேனியப் பெண்மணி

விழுப்புரத்திலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் புகைவண்டி பண்ருட்டியைக் கடந்ததும் மேல்பட்டாம்பாக்கம் என்னும் சிறு நிலையத்தை அடைகிறது. நெல்லிக்குப்பம், கடலூர் ஆகியவற்றைத் தாண்டித் தெற்கே சென்றால், வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்திற்கு அருகே பரங்கிப்பேட்டை வருகிறது. ஒரே மாவட்டத்தில் ஒரே இருப்புப்பாதையில் அமைந்த இவ்விரண்டு ஊர்களும் தென்னாற்காட்டுத் திருச்சபை வரலாற்றில் ஒருசேர வைத்து எண்ணத்தக்கவை. அயல்நாட்டிலிருந்து வந்த இரு மிஷனெறிகள் தம்மை அனுப்பிய சங்கத்தோடு மனச்சான்றின் பொருட்டு முரண்பட்டு விலகியபின் புதிய பணியைத் தொடங்கிய இடங்கள் இவை. முன்னதில் அப்பணி 1861-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பின்னதில் 1921-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. இடைப்பட்ட காலம் அறுபது ஆண்டுகள்.

முன்னவரான கார்ல் ஓக்ஸ் ஐயர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர். சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடங்கொடுக்கலாமா என்னும் வினாவில் தம் சங்கத்தோடு உடன்பட இயலாமல் அவர் வெளியேறினார். மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவினார். 1821-இல் தோன்றிய டேனிய மிஷன் சங்கம் 1860-களில் அவரைத் தன் பணியாளராக ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்த பணியின் தொடக்கம் இதுவே. அவரைப் பற்றி நம் சபையார் ஓரளவு அறிவர். பின்னவரான ஆன் மரீ பீட்டர்சன் அம்மையாரையோ நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். தேசிய இயக்க வரலாற்றில் அவர் பெயர் ஓர் அடிக்குறிப்பாக வருகிறது. திருச்சபை வரலாற்றில் அதற்குங்கூட இடமில்லாமற் போவது உண்டு. இக்குறையை ஓரளவு நீக்குவதும், அவர் வாழ்வு நம்முன் வைக்கும் வினாவை எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பீட்டர்சன் அம்மையார் 1878-ஆம் ஆண்டு டென்மார்க்கில் பிறந்தவர். அவரை உருவாக்கிய சமயச் சூழலை அறியாமல் அவர் செயலை விளங்கிக்கொள்ள இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் டேனியத் திருச்சபையில் குருண்ட்விக் என்னும் பேரறிஞர் (1783–1872) பெரியதோர் எழுச்சியைத் தோற்றுவித்தார். மனிதன் முதலில் மனிதனாகவும் தன் மக்களுள் ஒருவனாகவும் வாழக் கற்கவேண்டும். நற்செய்தி அம்மனித வாழ்வை அழிப்பதில்லை, அதை ஏற்று நிறைவாக்குகிறது என்பது அவர் போதனையின் சாரம். ஆகவே, கல்வி தாய்மொழியில் அமையவேண்டும், தேர்வுக்காக அன்றி வாழ்வுக்காக அமையவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் கருத்தைத் தழுவி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி தோன்றியது. 1864-ஆம் ஆண்டுப் போரில் தோற்று ஷ்லெஸ்விக் பகுதியை டென்மார்க் இழந்தது. அங்கே டேனிய மொழி பேசியோர் அயலாட்சியின்கீழ் வாழ நேர்ந்தது. அந்நாள் தொட்டுத் தாய்மொழிக் கல்வி டேனியருக்கு உயிர்நாடியாயிற்று. சிறிய நாடொன்று பெரிய வல்லரசின் பிடியில் தன் மொழியையும் மானத்தையும் காத்துக்கொள்வது எவ்வாறு என்னும் வினாவை அவர்கள் நூலிலிருந்து அன்றி வாழ்விலிருந்தே கற்றார்கள். அத்தகைய சூழலில் ஆசிரியையாகப் பயின்றவரே நம் அம்மையார்.

1909-ஆம் ஆண்டு டேனிய மிஷன் பணிக்கென அவர் தமிழ்நாட்டிற்கு வந்தார். டேனியர் இங்கு அறியாதவர் அல்லர். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது டேனிய மன்னரின் ஆதரவில்தான். எனினும் 1845-இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபின் டென்மார்க்கிற்கு இந்தியாவில் ஆட்சியுரிமை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லாமற் போயிற்று. டேனிய மிஷனெறி ஆளுவோர் இனத்தவரும் அல்லர், ஆளப்படுவோர் இனத்தவரும் அல்லர். முதல் உலகப் போர் மூண்டபோது லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர் நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. நடுநிலை நாட்டினராகிய டேனியர் தங்கள் பணியில் நிலைத்திருந்தனர். ஆயினும் அரசின் கண் அவர்கள் மேலும் இருந்தது. போருக்குப் பின், பிரிட்டிஷ் அல்லாத மிஷன் சங்கங்கள் ஆட்சியாளருக்கு உரிய கீழ்ப்படிதலை அளிப்பதாகவும் அரசியலில் தலையிடுவதில்லை என்றும் உறுதியளிக்கவேண்டும் என அரசு விதித்தது. இந்நிலையை மனத்திற்கொண்டே அம்மையாரின் செயலை நாம் மதிப்பிடவேண்டும்.

அவர் வாழ்வில் திருப்பமாக அமைந்தது ஒரு பயணம். திருக்கோவலூரில் பணியாற்றிய இளம் டேனிய மிஷனெறி எஸ்தர் ஃபேரிங் அம்மையாரோடு அவர் இந்தியக் கல்வி நிலையங்களைக் காணப் புறப்பட்டார். 1917 ஜனவரியில் இருவரும் அகமதாபாத்தை அடைந்து காந்தியடிகளின் சத்தியாக்கிரக ஆசிரமத்தைக் கண்டனர். அப்பொழுது ஆசிரமம் சபர்மதிக் கரையில் இருக்கவில்லை. 1915 மே மாதம் தொடங்கப்பட்ட கோச்ரப் இல்லத்திலேயே நடந்துவந்தது. காந்தியடிகளும் இன்னும் நாடறிந்த தலைவராகவில்லை. சம்பாரண் போராட்டம் அதன் பின்னரே தொடங்கிற்று. ஆகவே புகழைக் கண்டு மயங்கி இவர்கள் அவரை நாடினார்கள் என்று சொல்லுவதற்கில்லை. உடலுழைப்பு, வழிபாடு, தாய்மொழிக் கல்வி, எளிய உணவு ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் இணைந்திருந்த வாழ்வை அவர்கள் அங்கே கண்டனர். குருண்ட்விக்கின் மரபில் வளர்ந்தவருக்கு அது புதிதாகத் தோன்றியிருக்காது; தம் நாட்டில் கேட்ட குரலையே வேறொரு மொழியில் கேட்டதுபோல் இருந்திருக்கும்.

ஃபேரிங் அம்மையாருக்கும் காந்தியடிகளுக்கும் இடையே வளர்ந்த நட்பு மிஷன் பொறுப்பாளருக்கு உவப்பாயில்லை. 1919-இல் அவர் சங்கத்தை விட்டு விலகி, ஆசிரமத்தில் சேர்ந்தார். அவருக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதங்கள் 1956-இல் நூலாக வெளிவந்தன. பீட்டர்சன் அம்மையார் அடுத்த ஆண்டு முடிவெடுத்தார். 1920-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவருக்கு எழுதிய மடலில், தம்மை இந்தியாவின் பாதத்தில் ஒப்படைத்துவிட்டதாகவும், அதே வேளையில் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவையன்றித் தமக்கு வேறு உறைவிடம் இல்லை என்றும் அவர் தெரிவித்தார். இவ்விரண்டு கூற்றுகளும் ஒரே மடலில் அமைந்திருப்பதை நாம் கவனிக்கவேண்டும். இந்தியாவை நேசிப்பதற்காக அவர் கிறிஸ்துவை விடவில்லை. கிறிஸ்துவுக்காக இந்தியாவினின்று விலகி நிற்கவும் இல்லை.

அவருடைய திட்டம் தெளிவானது. கிறிஸ்தவப் பெண்பிள்ளைகளுக்குத் தேசிய முறையில் ஒரு பள்ளி வேண்டும். அப்பள்ளி அரசின் உதவித்தொகையைப் பெறலாகாது. இதன் கடுமையை உணர, மிஷன் பள்ளிகளின் அக்கால நிலையை நினைவுகூரவேண்டும். 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் உதவித்தொகை முறை வந்தது. அதுமுதல் மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் அரசின் பணத்தையும் அரசின் பாடத்திட்டத்தையும் அரசின் ஆய்வாளரையும் சார்ந்தே வளர்ந்தன. உதவித்தொகையை மறுப்பது என்பது ஆசிரியரின் ஊதியத்தையும் மாணவியரின் தேர்வுச் சான்றிதழையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய அவ்வாண்டில் அதை அரசெதிர்ப்பாகவே பலர் கருதியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

பள்ளிக்கு அவர் தேர்ந்தெடுத்த ஊர் பரங்கிப்பேட்டை. பெயரே அயலாரை நினைவூட்டும் ஊர் அது. போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் டேனியரும் வணிகத்திற்காக அங்கே வந்தனர். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் அங்கே மோதின. 1830-இல் ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே இரும்பு உருக்கும் ஆலையைத் தொடங்கினார். சில பத்தாண்டுகளில் அது நின்றுபோயிற்று. வணிகத்திற்கும் போருக்கும் ஆலைக்குமாக வந்தோர் யாவரும் திரும்பிச் சென்றனர். அவ்வூரில் 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சேவாமந்திர் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். அதே செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில்தான் அவர் அரையாடையை மேற்கொண்டார் என்பதை வாசகர்கள் அறிவர். அம்மையார் 1951-இல் மறையும்வரை இப்பணியே அவர் வாழ்வாயிற்று. தாம் விரும்பிய நாட்டின் விடுதலையையும் அவர் கண்டார்.

இக்காலத்தில் அவர் தனித்து நிற்கவில்லை. அதே 1921-இல் திருப்பத்தூரில் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனெறி ரால்ஃப் கெய்தான் தேசிய இயக்கத்தின் மேல் கொண்ட பரிவின் காரணமாக 1930-இல் நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. டேனிய மிஷனில் வந்தவரும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக விளங்கியவருமான லார்சன் ஐயர் வேறொரு வழியில் இம்மண்ணோடு ஒன்றினார். 1936-இல் வெளிவந்த திருத்திய தமிழ் வேதாகமம் அவர் உழைப்பின் பயன். வழிகள் வேறாயினும் வினா ஒன்றே. அனுப்பப்பட்டவன் யாருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டியவன்? அனுப்பிய சங்கத்திற்கா, தங்க இடந்தந்த அரசுக்கா, தன்னைச் சுற்றி வாழும் மக்களுக்கா? எல்லாருக்கும் மேலாக ஆண்டவருக்கே என்று நாம் உடனே விடை கூறுவோம். அவ்விடை சரியே. ஆனால் அது நடைமுறையில் மற்ற மூவருள் எவரை இழக்கச் செய்யும் என்பதே கடினமான பகுதி.

இங்கே நாம் அம்மையாரைப் புகழ்வதோடு நின்றுவிடலாகாது. வரலாறு இரு பக்கமும் பார்க்கக் கடமைப்பட்டது. முதலாவது, அரசின் பணத்தை மறுத்த பள்ளியும் பணமின்றி நடக்கவில்லை; டென்மார்க்கிலிருந்த நண்பர்களின் காணிக்கை அதைத் தாங்கிற்று. ஆளுவோரின் பணத்திற்குக் கட்டுப்படலாகாது என்பது சரியானால், கடல் கடந்த அன்பரின் பணம் நம்மைக் கட்டுப்படுத்தாதா என்னும் கேள்வி எஞ்சுகிறது. இரண்டாவது இதனினும் ஆழமானது. தென்னாற்காட்டுச் சிற்றூர்களில் சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர். அவர்களுக்கு மிஷன் பள்ளியும் அரசின் சான்றிதழும் பண்ணையின் பிடியிலிருந்து வெளியேறும் வாயில். உதவித்தொகையை உதறுவது தேசிய மானம் என்று ஆசிரியை கருதலாம். தன் மகள் சான்றிதழ் பெறாமற் போவதை ஒரு கூலித் தொழிலாளி எவ்வாறு கருதியிருப்பான்? ஓக்ஸ் ஐயர் எழுப்பிய வினாவும் பீட்டர்சன் அம்மையார் எழுப்பிய வினாவும் இவ்விடத்தில் சந்திக்கின்றன. அயலாட்சியிலிருந்து விடுதலை, சாதியிலிருந்து விடுதலை ஆகிய இரண்டும் ஒன்றையொன்று தாமாகவே கொண்டுவருவதில்லை. ஒன்றை நாடுவோர் மற்றொன்றை மறந்துபோகக் கூடும். மேல்பட்டாம்பாக்கத்தை மறந்து பரங்கிப்பேட்டையை மட்டும் போற்றினாலும், பரங்கிப்பேட்டையை மறந்து மேல்பட்டாம்பாக்கத்தை மட்டும் போற்றினாலும் நம் வரலாற்றறிவு குறையுடையதே.

எனினும் ஒரு செய்தியில் அம்மையார் நமக்கு ஆசிரியராக விளங்குகிறார். மிஷனெறிகளுள் பலர் இம்மக்களுக்குப் பலவற்றைக் கொடுத்தார்கள். கொடுப்பவர் மேலிடத்திலும் பெறுபவர் கீழிடத்திலும் இருப்பது அப்பணியின் இயல்பாகவே அமைந்துவிட்டது. அவரோ அகமதாபாத்திற்குக் கற்பிக்கச் செல்லவில்லை, கற்கச் சென்றார். இந்துவாக வாழ்ந்த ஒருவரின் இல்லத்தில் தம் ஆண்டவரின் வழியை மேலும் தெளிவாகக் கண்டு திரும்பினார். அதனால் தம் விசுவாசம் சிதையும் என்று அவர் அஞ்சவில்லை. மோவாபிய நாட்டு ரூத் அயல்மக்களிடையே வந்து அவர்களுள் ஒருத்தியானதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம்; அத்தகைய வருகை நம் ஊர்களிலும் நிகழ்ந்திருக்கிறது. முந்திரி கப்பலேறி வந்த பயிர் என்பதைப் பண்ருட்டி மக்கள் இன்று எண்ணுவதில்லை. அது செம்மண்ணில் வேரூன்றி அவர்களுடையதாகிவிட்டது. அதுபோலவே சேவாமந்திர் என்னும் பெயரும் பரங்கிப்பேட்டையில் ஊரார் பெயராக வழங்குகிறது.

அயல்நாட்டு மிஷனெறிகளின் காலம் நம் சபைகளில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற பள்ளிகளும் விடுதிகளும் மருத்துவமனைகளும் இன்று நம் பொறுப்பில் உள்ளன. அவற்றிற்கு அரசின் உதவித்தொகையையும் அயல்நாட்டு நிதியையும் நாடுவோர் இப்பொழுது நாமே. எந்த உதவி நம் சாட்சியை மௌனமாக்குகிறது, எந்த உதவியை மறுத்தால் ஏழையின் பிள்ளை இழப்படையும் என்று பகுத்தறியும் கடமை நம்முடையதாகிவிட்டது. இதற்கு எக்காலத்துக்கும் பொருந்தும் விதியொன்றை அம்மையார் விட்டுச்செல்லவில்லை. மனச்சான்று கேட்ட விலையை நாற்பத்திரண்டாம் வயதில் கொடுத்து, அதன்பின் முப்பது ஆண்டுகள் ஒரே பணியில் நிலைத்திருந்தார். கடலூர்ப் பகுதியில் பணியேற்கும் இளம் போதகர்கள் ஒருமுறையேனும் இவ்விரு ஊர்களிலும் இறங்கி, அச்சபையாரோடு அமர்ந்து, இவ்வினாக்களை அவர்களிடமே கேட்டறிவது நலம் என்று நாம் எண்ணுகிறோம்.