பகைவரின் மொழி: இரண்டாம் உலகப்போரும் ஜப்பானிய மொழிப் பயிற்சியும்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் படைகளின் தொகையையும் படைக்கலங்களின் வலிமையையும் விரிவாகக் கூறுவர். பகைவரின் மொழியைக் கற்றவர்களைப் பற்றிக் கூறுவோர் சிலரே. ஆயினும் பகைவன் எழுதியதைப் படிக்கவும், சிறைப்பட்டவன் கூறுவதைக் கேட்டறியவும் இயலாத படை, கண்ணைக் கட்டிக்கொண்டு போரிடும் படையேயாகும். 1941ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலை ஏறத்தாழ இதுவாகவே இருந்தது. ஜப்பானுடன் போர் மூளக்கூடும் என்று அறிந்திருந்தும், ஜப்பானிய மொழி கற்ற வீரர் அந்நாட்டில் மிக அரியராய் இருந்தனர். இக்குறையை நீக்க அந்நாடு செய்த முயற்சியையும், அதன் பயன் போரின் எல்லையைக் கடந்து சென்ற விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஜப்பானிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் 'நிசேய்', அதாவது இரண்டாம் தலைமுறையினர், எனப்பட்டனர். இவர்கள் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். இவர்களுக்குத் தாய்மொழி தெரிந்திருக்கும் என்று படைத்தலைவர்கள் எதிர்பார்த்தனர். ஆனால் படையிலிருந்த நிசேய் 3,700 பேரை ஆய்ந்தபோது, அவர்களுள் நூற்றுக்கு மூவரே அம்மொழியில் உண்மையான தேர்ச்சி பெற்றிருக்கக் கண்டனர். ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளிடம் பெற்றோரின் மொழி வீட்டுப் பேச்சளவில் சுருங்கிவிட்டது. ஒரே தலைமுறையில் ஒரு மொழி இவ்வாறு தேய்ந்துபோவது நாம் சிந்திக்கத்தக்கது.

எனவே பள்ளி ஒன்று தேவையாயிற்று. 1941 நவம்பர் 1ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ படைத்தளத்தில், கைவிடப்பட்ட விமானக் கொட்டகை ஒன்றில் அது இரகசியமாகத் தொடங்கப்பெற்றது. மாணவர் 60 பேர்; அவர்களுள் 58 பேர் நிசேய். ஆசிரியர் நால்வர். தலைமை ஆசிரியரான ஜான் ஐசோ ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். எனினும் படையில் சாதாரணச் சிப்பாயாக, வாகனப் பழுதுபார்க்கும் பிரிவில் வைக்கப்பட்டிருந்தவர்.

பயிற்சி கடுமையானது. சீன எழுத்துகளினின்று வந்த கான்ஜி எழுத்துகளை ஆயிரக்கணக்கில் மனத்திலிருத்த வேண்டும். கையால் விரைந்தெழுதிய 'சோஷோ' என்னும் கொடியெழுத்தைப் படிக்க வேண்டும். அஃதறியாதவர் போர்க்களத்திற் கிடைக்கும் கடிதத்தையோ கட்டளையையோ படிக்க இயலாது. படைத்துறைச் சொற்கள், மொழிபெயர்ப்பு, கைதிகளை வினவும் முறை ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. இவையனைத்தும் ஆறு மாதங்களில் முடியவேண்டியிருந்தன. விளக்கணைத்த பின்னும் கழிப்பறை விளக்கின்கீழ் அமர்ந்து மாணவர் படித்தனர். முதல் வகுப்பில் 45 பேரே தேறினர்.

பள்ளி தொடங்கி ஐந்து வாரங்களில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தார் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளினின்று அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பள்ளியும் அக்கரையில் இருக்க இயலாமல் மின்னசோட்டா மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. மகன் நாட்டின் இரகசியத்தைக் காக்கும் பணியில் இருக்க, அவனுடைய தாய் தந்தையர் முள்வேலிக்குள் இருந்தனர். முள்வேலிக்குள்ளிருந்தே இப்பள்ளிக்கு வந்து சேர்ந்த இளைஞரும் பலர்.

கடற்படையோ நிசேய்களைத் தன் மொழிப் பள்ளியில் மாணவராக ஏற்கவில்லை. ஆனால் அவர்களையே ஆசிரியராகக் கொண்டது! அவர்கள் மேற்குக் கரையில் தங்கக்கூடாதாகையால் அப்பள்ளியும் கலிபோர்னியாவினின்று கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகருக்குப் பெயர்ந்தது. அதன் தலைவியாகிய புளோரன்ஸ் வால்ன் ஜப்பானில் பணியாற்றிய மிஷனெரி ஒருவரின் மகள். மாணவருள்ளும் ஜப்பானிற் பிறந்த மிஷனெரிமாரின் பிள்ளைகள் இருந்தனர். நாடோறும் நான்கு மணிநேர வகுப்பு, வாரம் ஆறு நாள், சனிதோறும் தேர்வு என்னும் ஒழுங்கில் ஓராண்டளவில் பயிற்சி நிறைவெய்தியது.

இப்பயிற்சியின் பயனை நாம் ஒருபுறம் மட்டும் நோக்குதல் கூடாது. 1944இல் பிலிப்பைன்ஸில் கைப்பற்றப்பட்ட ஜப்பானியக் கடற்படையின் 'இசட் திட்டம்' ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்க்கப்பட்டது. அவ்வறிவு பகைவரை அழிக்க உதவிற்று. மொழியறிவு தானாகவே சமாதானத்தைக் கொணரும் என்பார்க்கு இது தக்க மறுமொழி. ஆயினும் 1945இல் ஒகினாவாவின் குகைகளில் அச்சத்தால் ஒளிந்திருந்த பொதுமக்களை, அவர்கள் அறிந்த மொழியில் அழைத்து, கொல்லமாட்டோம் என்று உறுதி கூறி வெளியே கொணர்ந்தவர்களும் இப்பயிற்சி பெற்றவர்களே.

போல்டரில் பயின்ற டொனால்ட் கீன் என்பவரின் அனுபவமும் குறிப்பிடத்தக்கது. இறந்த ஜப்பானிய வீரரின் நாட்குறிப்புகளைப் படிப்பது அவர் பணி. சிலவற்றில் இரத்தக்கறை படிந்திருந்தது. சிலவற்றின் இறுதிப் பக்கத்தில், இதைக் கண்டெடுக்கும் அமெரிக்கர் போர் முடிந்தபின் தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவ்வாறு சேர்ப்பிக்க விரும்பிக் கீன் ஒளித்துவைத்த குறிப்புகளை மேலதிகாரிகள் கண்டு பறித்துக்கொண்டனர். பின்னர் அவர் ஜப்பானிய இலக்கியத்தை உலகறியச் செய்த பேரறிஞரானார். 2012இல் ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார். மிஷனெரி குடும்பத்தில் ஒத்தாரு நகரிற் பிறந்த ஓட்டிஸ் கேரி ஹவாயில் ஜப்பானியக் கைதிகளை அவர்கள் மொழியிலேயே பரிவோடு வினவினார். போருக்குப்பின் கியோத்தோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தார்.

அமெரிக்கப் படையின் பள்ளி 1946இல் கலிபோர்னியாவின் மான்டரே நகருக்கு மாறி, பல மொழிகளைக் கற்பிக்கும் நிலையமாக வளர்ந்தது. அதன் நிசேய் மாணவர் ஆற்றிய தொண்டு பல ஆண்டுகள் வெளியிற் கூறப்படவில்லை. முகாம்களில் அடைத்த அநீதிக்கு அமெரிக்க அரசு 1988இல் சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டது. 2011இல் அவ்வீரருக்கு அமெரிக்கச் சட்டமன்றத்தின் பொற்பதக்கம் வழங்கப்பெற்றது. அதற்குள் அவர்களுட் பலர் மறைந்துவிட்டனர்.

கடும் பயிற்சியால் ஓராண்டில் ஒரு மொழியைக் கற்பிக்கலாம் என்பதை அப்பள்ளிகள் மெய்ப்பித்தன. ஆனால் பகைவரின் மொழியைக் கற்க அத்துணை பொருளும் உழைப்பும் செலவிட்ட அந்நாடு, தன் குடிமக்கள் தன் சொந்த மொழியிலேயே எழுப்பிய முறையீட்டைக் கேட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. மொழியறிவு செவியைத் திறக்கும். கேட்பதற்கு மனம் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை என நாம் கருதுகிறோம்.