பழனியும் கொடைக்கானலும்: இரு வான்விளிம்புகள்

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வளாகத்திலிருந்து வடதிசை நோக்கி நின்றால், வானம் தெளிந்த காலைகளில் கீழே சமவெளியில் பழனிமலை தெரியும். மேலிருந்து காண்பவருக்கு அது மலையாகவே தோன்றாது. வயல்களுக்கும் குளங்களுக்கும் நடுவே யாரோ வைத்துவிட்டுப் போன கல்லைப் போலிருக்கும். இக்கோயில் 1936-இல் எழுப்பப்பட்டது. எழுப்பியவர் இலங்கைத் தமிழர் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். பிறப்பால் வெள்ளையர், சைவத்தைத் தம் நெறியாக ஏற்றுக்கொண்டவர். அடிவார முருகனை மலைமேலிருந்து காணத்தக்க ஓரிடத்தில் இன்னொரு முருகன் கோயில் அமைந்தது நம் சிந்தனைக்கு உரியது. இரண்டு ஊர்களையும் இணைக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று அங்கே தொடங்குகிறது.

ஒரு நகரை அதன் வான்விளிம்பைக் கொண்டு அறியலாம் என்பர். ஸ்கைலைன் என்று வழங்கும் சொல்லை நாம் இங்கே வான்விளிம்பு எனக் கொள்கிறோம். கூரைகளும் கோபுரங்களும் மரங்களும் குன்றுகளும் வானத்தைத் தொடும் கோடு அது. அழகுணர்ச்சி சார்ந்த செய்தியாக மட்டும் அதைக் கொள்ளுதல் போதாது. எது உயரலாம், எதன்முன் மற்றவை தாழ வேண்டும் என்று ஓர் ஊர் தனக்குள் செய்துகொண்ட உடன்பாடு அக்கோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மலைத்தொடரின் அடியிலும் முடியிலும் உள்ள பழனி, கொடைக்கானல் என்னும் இரு ஊர்களும் இவ்வுடன்பாட்டை இருவேறு வழிகளில் செய்துகொண்டன. ஒன்றில் அது நிலைத்தது; மற்றொன்றில் முறிந்தது.

பழனியை முதலில் பார்ப்போம். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 450 அடி உயர்ந்த ஒரு குன்று, அதன்மேல் தண்டாயுதபாணி. ஏறுவதற்கு 693 படிகள். அருகே இடும்பன்மலை. இரு குன்றுகளையும் காவடியாகக் கட்டிச் சுமந்துவந்த இடும்பன் இளைப்பாற இறக்கிவைத்த இடம் இது என்பது தலபுராணம். ஊரின் மற்றக் கோயில்களான திருஆவினன்குடியும் பெரியநாயகி அம்மன் கோயிலும் தரைமட்டத்திலேயே உள்ளன. குன்றைச் சுற்றிக் கிரிவீதி. அதற்கு வெளியே கடைகளும் மடங்களும் விடுதிகளும். 1966-இல் இழுவை ரயிலும் 2004-இல் ரோப் காரும் வந்தன. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாக வருவோர், ஊர் எல்லைக்குள் காலடி வைப்பதற்கு மிகமுன்பே மலையைக் கண்டு கைகூப்பிவிடுகிறார்கள்.

பழனியின் தெருக்கள் அழகானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெரிசலும் விளம்பரப் பலகைகளும் அங்கே குறைவில்லை. பல மாடி விடுதிகளும் எழுந்துவிட்டன. ஆயினும் ஊரின் வான்விளிம்பு கெடவில்லை. எந்த விடுதியும் குன்றோடு போட்டியிடும் உயரத்துக்கு எழவில்லை. எழுப்பும் எண்ணமும் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. ஊருக்கு வருவோர் அனைவரும் ஒரே திசையில் அண்ணாந்து பார்க்கவே வருகிறார்கள். ஊரின் பிழைப்பும் அப்பார்வையைச் சார்ந்தது. பக்தியும் நிலவமைப்பும் வணிகமும் ஒன்றையே வலியுறுத்தும்போது விதிமுறைகளுக்கு அதிக வேலை இருப்பதில்லை.

கொடைக்கானல் இதற்கு நேர்மாறானது. பழனிமலைகளில் மனிதர் கட்டியவை ஐரோப்பியரோடு தொடங்கவில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் உள்ள பெருங்கற்காலக் கற்திட்டைகள் மிகப் பழையவை. வில்பட்டி, பூம்பாறை முதலிய ஊர்கள் ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே இருந்தவை. சரிவில் படிப்படியாக இறங்கும் பூம்பாறையின் வீடுகளும் பூண்டு விளையும் அடுக்கு வயல்களும் மலையின் வளைவையே பின்பற்றிச் செல்கின்றன. அங்கே எதுவும் மலையை மீறி எழவில்லை.

1821-இல் லெப்டினன்ட் வார்டு நில அளவைக்காக இம்மலைகளுக்கு வந்தார். 1834-இல் மதுரைத் துணை ஆட்சியர் ரவுட்டன் செண்பகனூர் அருகே சிறு பங்களா ஒன்றைக் கட்டினார். சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவரை இழந்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845-இல் இரண்டு பங்களாக்களை எழுப்பியபோது குடியிருப்பு உருப்பெற்றது. 1863-இல் வெரி ஹென்றி லெவிஞ்ச் ஓடைநீரைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகுகளையும் வரவழைத்தார். 1872-இல் கோக்கர் என்னும் அதிகாரி மலைவிளிம்பில் நடைபாதை ஒன்றை அமைத்தார்.

இவ்விரண்டும், அதாவது ஏரியும் நடைபாதையும், ஊரின் இயல்பைத் தீர்மானித்தன. நடுவில் இருப்பது குன்றன்று, தாழ்ந்த நீர்ப்பரப்பு, ஓரத்தில் பள்ளத்தாக்கு. இங்கு வருவோர் குனிந்து பார்க்க வந்தவர்கள். பங்களாக்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி மரங்களுக்குள் மறைந்திருந்தன. புகைபோக்கிகளே அவை இருக்குமிடத்தைக் காட்டின. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் மட்டும் உயர்ந்த மேட்டைத் தேடிப் போனது. அதுவும் தன்னைக் காட்டிக்கொள்வதற்கன்று, ஞாயிற்றைக் காண்பதற்கு. எவர்ஷெட் விளைவு எனப்படும் சூரியக்கறைகளின் வாயு ஓட்டம் 1909-இல் அங்கேதான் கண்டறியப்பட்டது.

இப்பழைய கொடைக்கானலை எண்ணி ஏங்குவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். அந்த வான்விளிம்பு தாழ்ந்திருந்ததற்கு எவருடைய தன்னடக்கமும் முழுக்காரணமன்று. 1910-களின் நடுப்பகுதியில் வண்டிச்சாலை பயன்பாட்டுக்கு வரும்வரை மனிதரும் பொருள்களும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஏறவேண்டியிருந்தது. துரைமார் டோலியிலும் நாற்காலியிலும் வந்தனர். தட்டுமுட்டுச் சாமான்கள் கூலியாட்களின் தலையில் வந்தன. தலைச்சுமையாக வரும் பொருளைக்கொண்டு ஏழு மாடி கட்ட இயலாது. மேலும், சிலருக்கே அகன்ற மனைகள் கிடைத்ததால்தான் மரங்களுக்கு இடமிருந்தது. 1901 கணக்கெடுப்பில் 1,912 பேர் வாழ்ந்த ஊரில் 2011-இல் 36,501 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஏரிக்கரைப் பங்களா என்றும் வாய்த்ததில்லை. பழைய அமைதி ஒரு சிலரின் சலுகையாகவும் இருந்தது.

ஆகவே சாலையும் சிமெண்டும் சுற்றுலாவும் வந்ததும் அவ்வுடன்பாடு முறிந்தது. அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததை மீறுவதும் எளிது. 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென அரசு ஓர் ஆணையம் அமைத்தது; 1993-இல் மலைநகரங்களுக்குத் தனிக் கட்டட விதிகளும் வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்ற பிளசண்ட் ஸ்டே விடுதி ஏழு தளங்களாக எழுந்தது. விதிகளிலிருந்து அதற்கு அரசு விலக்கும் அளித்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினர் நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றம் விலக்கை ரத்துசெய்தது; கூடுதல் தளங்களை இடிக்க வேண்டுமென்ற தீர்ப்பை 1995-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

கதை அங்கே முடியவில்லை. விலக்கு தொடர்பான குற்றவழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று தனிநீதிமன்றம் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் தண்டனை அறிவிக்கப்பட்ட அன்றே தருமபுரி அருகே வேளாண் பல்கலைக்கழக மாணவியர் பயணம் செய்த பேருந்துக்குத் தீவைக்கப்பட்டது. மூன்று மாணவியர் எரிந்து மாண்டனர். மலைமேல் ஒரு கட்டடம் எத்தனை தளம் உயரலாம் என்ற கேள்வி, அம்மலையை ஒருவேளை கண்டிராத மூன்று குடும்பங்களின் வாசலில் சென்று முடிந்தது. வான்விளிம்பைப் பொழுதுபோக்கான பேச்சாக எண்ணுவோரிடம் நாம் இதனை நினைவூட்ட விரும்புகிறோம்.

வேறிடங்களில் இது எவ்வாறு கையாளப்படுகிறது? தமிழர் பெருமளவில் வாழும் கனடாவையே எடுத்துக்கொள்வோம். டொராண்டோ ஏரிக்கரைச் சமவெளி நகரம். பார்ப்பதற்கு மலை இல்லாததால் அது தானே ஒரு மலையைச் செய்துகொண்டது. 1976-இல் திறக்கப்பட்ட சி.என். கோபுரம் 553 மீட்டர். மான்ட்ரியாலுக்கு நடுவில் மவுண்ட் ராயல் என்னும் குன்று உண்டு. உயரம் ஏறத்தாழ 233 மீட்டர். அதன்மேல் 1924 முதல் பெரிய சிலுவை ஒன்று நிற்கிறது. அக்குன்றின் உச்சியைக் கடந்து எந்தக் கட்டடமும் உயரக்கூடாது என்பது அந்நகரின் விதி. பழனிக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் விளக்கம் தேவைப்படாது.

வான்கூவரின் நிலை கொடைக்கானலுக்கு நெருக்கமானது. அங்கே காணவேண்டியது நகருக்குள் இல்லை. வடக்கே நீருக்கு அப்பால் பனிமலைகளாக நிற்கிறது. எந்தப் பொது இடத்தில் நிற்பவருக்கு மலையின் எப்பகுதி தெரியவேண்டும் என்று 1989-இல் அந்நகரம் வரையறுத்து, அப்பார்வைப் பாதைகளுக்குள் கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தியது. வீடுகள் போதாமையைக் காரணங்காட்டி 2024-இல் அவற்றுள் சிலவற்றைத் தளர்த்தவும் செய்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. நாம் கவனிக்க வேண்டியது அதன் வரிசைமுறையை. முதலில் எதைக் காக்கிறோம் என்று சொன்னார்கள். பிறகு உயரத்தை வாதித்தார்கள். விட்டுக்கொடுத்தபோதும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொடைக்கானலில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. கட்டடம் எழுகிறது, வழக்கு வருகிறது, பூட்டு விழுகிறது. 2018, 2019 ஆண்டுகளில் நீதிமன்ற உத்தரவின்பேரில் விதிமீறிய விடுதிகள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் நீதிமன்றத்தின் ஆணையாலேயே வந்தது. இவையெல்லாம் தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் பூட்டுகள் எதைத் தடுக்கின்றன என்று சொல்கின்றனவே ஒழிய, எதைக் காக்கின்றன என்று சொல்வதில்லை. சிறு மனையில் வாழும் உள்ளூர்க்காரருக்கும் பெருவிடுதிக்கும் உள்ள வேறுபாட்டை அவை அறிவதுமில்லை.

ஓர் ஊர் தனக்குப் பொதுவான ஒரு பார்வையைப் பெயரிட்டுச் சொல்ல முடியுமானால் மற்றதைப் பேசித் தீர்க்கலாம். பழனிக்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. கொடைக்கானல் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்று கீழே பார்ப்பவருக்குப் பழனி தெரியவேண்டும் என்ற ஒரே வரியிலிருந்து தொடங்கலாம். அங்கே நிற்பதற்குச் சொந்த மனை வேண்டாம். விடுதி அறையும் வேண்டாம். டோலி சுமந்தவரின் பேரனுக்கும் அக்காட்சியில் சரிபங்கு உண்டு.