தாத்தாவின் கண், பேரனின் கப்பல்

கொச்சிக் கோட்டையில் டச்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1792. இங்கிலாந்தில் விஞ்ஞானி ஜான் டால்டன் ஒரு ஜெரேனியப் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துத் திகைத்தார். பகலில் நீலமாகத் தெரிந்த பூ, இரவில் சிவப்பு! நண்பர்கள் யாருக்கும் அப்படித் தெரியவில்லை. கூடப்பிறந்த சகோதரர் ஒருவர் மட்டும் ஆமாம் என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் எப்படி?

கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கவேண்டும் என்று டால்டன் நம்பினார். இறந்தபின் அறுத்துப் பார்க்கும்படி சொல்லியும் வைத்தார். 1844இல் மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது, உள்ளே இருந்தது தண்ணீர் போன்ற தெளிவு. அரை நூற்றாண்டு நம்பிக்கை பொய்த்துப்போனது.

1875இல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். சிக்னலின் நிறம் தெரியாததுதான் காரணமோ என்று சந்தேகப்பட்ட ஸ்வீடன் உடலியல் அறிஞர் ஹோல்ம்கிரன், ரயில் ஊழியர்கள் முன் வண்ணக் கம்பளி நூல்களைக் குவித்துப் பிரிக்கச் சொன்னார். மறு வருஷமே சுவிஸ் கண் மருத்துவர் ஹோர்னர் நிறக்குருடு உள்ளவர்களின் குடும்ப வரலாறுகளைத் தேடிப் போனார். தாத்தாவுக்குக் குறை, மகளுக்கு இல்லை, மகள் வயிற்றுப் பேரனுக்கு மீண்டும் அதே குறை! தாத்தா பெயரைச் சுமப்பவன்தான் பெயரன் என்போம். இங்கே பார்வையையும் சுமந்தான். எல்லா நிறமும் பளிச்சென்று தெரிந்த அந்தத் தாய் அதை எங்கே ஒளித்துவைத்திருந்தாள்?

1911இல் உயிரியலாளர் எட்மண்ட் வில்சன் அந்த இடத்தைக் காட்டினார்: எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். மகனுக்கோ அம்மா கொடுத்த ஒன்றே ஒன்று. பழுதானது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் அந்தத் தாயைக் குறைசொல்ல ஏதுமில்லை. காரணம் தெரிந்துவிட்டது; ஆயிரக்கணக்கான பேரைச் சட்டென்று சோதிப்பது எப்படி?

ஜப்பான் ராணுவம் அந்த வேலையைக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாராவிடம் ஒப்படைத்தது. வாட்டர்கலரில் புள்ளி புள்ளியாகத் தானே வரைந்தார். முதலில் அவற்றுக்குள் ஒளித்தவை ஹிரகானா எழுத்துகள். ஓவியங்களைச் சரிபார்க்க உதவியவர் நிறக்குருடான ஒரு மருத்துவர்! 1917இல் எழுத்து போய் எண் வந்தது. எந்த நாட்டுக்காரராலும் படிக்க முடிந்தது.

கொச்சியின் மட்டாஞ்சேரிக் கால்வாய்க்குள் கப்பல் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். மாறினால் தரைதட்டும். அதனால்தான் கப்பல் வேலைக்குப் போகும் பையன் முன் டாக்டர் அந்தப் புள்ளிப் புத்தகத்தை விரிக்கிறார். ஒரு பக்கத்தில் மற்றவர்களுக்கு 74 தெரியும். பையன் 21 என்றால், டாக்டரின் அடுத்த கேள்வி அம்மாவின் அப்பாவைப் பற்றியதாக இருக்கும்.