மாத்திரை அட்டையின் சிவப்புக் கோடு

பொம்மிடியில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அண்ணன் தொண்டைவலிக்கு வாங்கி, வலி விட்டதும் பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் மாத்திரைகள் அதில் கிடக்கின்றன. அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. அதைப் பற்றி நாடு பேசத் தொடங்கிய கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. வேறு மருந்து கேட்காதபோது கொடுக்கும் கார்பபெனத்தையே சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதி, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இருந்தது. நொதியின் பெயரில் புது தில்லி இருக்கிறதே என்றுதான் நாட்டில் பெரிய சண்டை நடந்தது. கிருமியை விட்டுப் பெயருக்குச் சண்டை போட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்.

இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க வழி தேடி, 2012 ஆகஸ்டில் டாக்டர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில் 'சென்னைப் பிரகடனம்' உருவானது. டாக்டர் சீட்டில்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கையும் விற்கக் கூடாது என்று ஒரேயடியாக அடைத்தால், டாக்டரைப் பார்க்கவே பஸ் ஏற வேண்டிய ஊர்களில் உயிர் போகும். அதனால் பிரகடனத்தை உருவாக்கியவர்கள் நடக்கக்கூடியதை மட்டும் கேட்டார்கள். 2014 மார்ச் 1 முதல், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும் மெடிக்கல்காரர், எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிந்து, அந்த நோட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு சிவப்புக் கோட்டுப் பிரசாரத்தைத் தொடங்கியது. சீட்டில்லாமல் வாங்காதே என்று சொல்லும் அந்தக் கோடு, எழுத்துக் கூட்டத் தெரியாதவர் கண்ணிலும் படும்.

கடையைத் தாண்டி வீட்டுக்குள் நடப்பதை எந்த நோட்டும் பதியாது. பாதி மருந்தில் தப்பிய கிருமி குடலில் தங்கலாம். சரியாகக் கழுவாத கை, குடத்தில் முக்கும் டம்ளர், ஒரே துண்டு என்று வழி தேடிக் கைக்குழந்தையிடம் போய்ச் சேரலாம். ஒரு மாத்திரையும் தின்றிராத அந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று ஏறினால், முதலில் போடும் ஊசி கேட்காமல் போகலாம். அடுத்த மருந்தைத் தேடும் நேரத்தில் குழந்தை தளர்ந்துவிடும்.

1945 டிசம்பரில் நோபல் உரையில், பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் சொன்ன கற்பனைக் கதையும் ஒரு வீட்டில்தான் நடக்கிறது. தொண்டைவலிக்குக் கணவன் குறைவாகப் பென்சிலின் எடுக்கிறான். அந்த மருந்துக்குப் பழகி, அவனிடமிருந்து தொற்றிய கிருமிக்கு மனைவி பலியாகிறாள்.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்டாள்: "பாப்பாவுக்கு வயித்தால போவுதுக்கா. அண்ணனுக்கு வாங்கின மாத்திரை மிச்சம் இருக்குதா?"

இருந்தது. எடுக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்துவிட்டு, இருவருமாகப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தோம்.