உண்டியும் உறையுளும் போதுமா?

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்கள், தாம் கல்வி பெற்ற பாதை எவ்வாறு அமைந்தது என்பதனை அறிந்திருத்தல் வேண்டும். அஃது ஒரு நாளில் அமைந்ததன்று. தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியே முன்னோர் அதனைச் சமைத்தனர்.

முதல் தடை பள்ளியின் வாயில். பொதுப்பள்ளிகள் நம் குழந்தைகளுக்கு இடம் மறுத்த காலத்தில், பண்டிதர் அயோத்திதாசரின் தூண்டுதலால் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் சென்னையில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார்.

இரண்டாம் தடை பசி. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கியது. 1956இல் காமராசரின் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022இல் காலை உணவும் தொடர்ந்தன.

மூன்றாம் தடை தொலைவு. அதனை நீக்க ஆதிதிராவிடர் நல விடுதிகள் எழுந்தன. விடுதிச் சோறுண்டு படித்தவரே இன்று நம்முள் அலுவலராயும் ஆசிரியராயும் விளங்குகின்றனர்.

நான்காம் தடையொன்று உண்டு. அதனை நாமே காணத் தவறினோம்.

சில ஆண்டுகட்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் வகுப்பில் உறங்கினான். காரணம் வினவாது மும்முறை கடிந்தோம். தந்தையை இழந்தவன், தாய் செங்கற்சூளையில் இருக்க, விடுதியில் இரவெல்லாம் விழித்துக் கிடந்தான் என்பதைச் சமையற்காரர் கூறியபோதே அறிந்தோம். காப்பாளரைக் குறை கூறுதல் எளிது; அவர் ஒருவரே இரு விடுதிகளைக் கவனித்து வந்தார். அடுத்த திங்கள் மாணவன் சூளைக்கே சென்றுவிட்டான். பதிவேட்டில் அவன் பெயரை அடித்தது நம் கையே.

சட்டம் இல்லாமலில்லை. சென்னை மாகாணத்தில் 1920இலேயே சிறுவர் சட்டம் இயற்றப்பட்டது. 2015இல் இளைஞர் நீதிச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. எனினும் 2023இல் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை அளித்தது. ஆயினும் அறிக்கை நள்ளிரவில் ஒரு சிறுவனின் அருகில் அமர்ந்து பேசாது. மனிதரே பேசுதல் வேண்டும்.

அரசு காப்பாளர்களையும் மனநல ஆலோசகர்களையும் போதிய அளவில் நியமித்தல் கடமை. அதனைக் கேட்பது நம் உரிமை. ஆனால் சகஜானந்தர் ஆணைக்காகக் காத்திருந்து பள்ளி தொடங்கினாரல்லர்.

ஆகவே இளைஞர்களே! வாரத்தில் ஒரு மாலை அருகிலுள்ள விடுதிக்குக் காப்பாளரின் இசைவுடன் செல்லுங்கள். பாடம் கற்பியுங்கள், அதற்குமுன், 'சாப்பிட்டாயா? உறங்கினாயா?' என வினவுங்கள். குழந்தைகள் உதவிக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களை விடுதிச் சுவரில் எழுதுங்கள். சங்கம் பொன்விழாக் காணும்போது, பதிவேட்டில் அடிக்கப்பட்ட பெயர் ஒன்றேனும் குறைந்திருப்பின், அதுவே நம் முன்னோர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.